புறப்பட்ட விமானத்தை மறித்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஆசிரியராக இருந்த அப்பா காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். அவருக்குக் கீழே நாங்கள் மூவர்; நான் கடைசி.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் விமானப்படையில் சேர்ந்துவிட்டார். அவரோடு பேசாமலிருந்த அம்மா, அரியலூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"நீ அந்த ஏரோப்ளேன்ல மட்டும் ஏறக் கூடாது."

"ஏற மாட்டேம்மா. ரிப்பேர் பாக்குற வேலைதான். கீழ நின்னுதான் பாப்பேன்."

அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை. பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்கையில் கூடவே பறக்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் கடைசிவரை அதைச் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்ததும் பர்மா எல்லைப் பக்கம் அனுப்பினார்கள். உயரம், வேகம், திசை காட்டும் கருவிகளையும், இறக்கையையும் வாலையும் விமானி அசைப்பதற்கான கம்பிவடங்களையும் பராமரிப்பது அவர் பொறுப்பு. ஓயாத மழை, கூடாரத்தில் படுக்கை, அடிக்கடி மலேரியா. அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம், நான் ஆசிரியையானேன்.

ஒரு நாள் காலை, காட்டுக்குள் இருந்த படையினருக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோகும் விமானம் புறப்படத் தயாரானது. அதன் வால்பகுதி வடத்தை அண்ணன்தான் மாற்றியிருந்தார். வடத்தின் இணைப்பு கழன்றுவிடாமலிருக்க மெல்லிய கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். கட்டினோமா என்று திடீரென ஐயம் வந்துவிட்டது. இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணன் ஓடிப்போய் விமானத்தின் முன்னால் கைகளை விரித்து நின்றுவிட்டார்.

திறந்து பார்த்தார்கள். கம்பி சரியாகவே கட்டப்பட்டிருந்தது. அதற்குள் மேகம் மூடிக்கொண்டதால் விமானம் அன்று போகவில்லை. மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் திட்டி, தண்டனையும் கொடுத்தார். தண்டனையைவிட, காட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்களின் நினைப்புதான் அண்ணனை வாட்டியது.

மறுநாள் வானம் தெளிந்தது. ஏறுமுன் விமானி அண்ணனைக் கூப்பிட்டு, "நீ பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். "பார்த்தேன்" என்றதும் ஏறிவிட்டார். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்காமல் அவர் கிளம்பியதில்லையாம்.

விடுப்பில் வந்தபோது அண்ணன் இதைச் சொன்னார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானடா இருந்துச்சு? நீயா ஏன் போயி மாட்டிக்கிட்ட?"

"சரியா இருக்குன்னு எனக்குத் தெரியலியேம்மா. தெரியாம அந்த மனுசன எப்படி மேல அனுப்புறது?"

அம்மா அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

போர் முடிந்து, நாடு விடுதலை பெற்ற பின்னும் அண்ணன் படையிலேயே பணியாற்றி, ஓய்வுபெற்று அரியலூரில் குடியேறினார். பிள்ளைகள் இருவரையும் அதட்டாமல் வளர்த்தார். கடைசி மாதங்களில் மூச்சுவிடச் சிரமப்பட்டபோதும் வருகிறவர்களை எழுந்து உட்கார்ந்துதான் வரவேற்றார்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சம்மாவுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், தொலைவிலிருந்து வந்து தோள்கொடுத்த படைநண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது அண்ணியைப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது.