டிரைவர் சீட்டுக்குக் கீழே புல்

டவுன் பஸ்ஸில் போகும்போதுகூடப் பிரகதீஸ்வரி பிரேக் போடுவார். குறுக்கே ஒரு ஆடு வந்தால் போதும், ஓட்டுநர் மிதிப்பதற்கு முன்பே இவருடைய வலது கால் அழுந்திவிடும். முன் சீட்டு அம்மாள் தன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த பையில் தக்காளி நசுங்கிய கதையெல்லாம் உண்டு. "ஐயோ, பழக்கதோஷங்க" என்று கெஞ்சிக்கொண்டே அடுத்த நிறுத்தத்துக்கும் ஒரு பிரேக் போடுவார்.

புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வேறு எந்தத் தோஷம் வரும்? அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், மளிகைக்கடை முதலாளி, வளைகுடாவுக்கு விசா வந்தபின் லைசென்ஸ் ஞாபகம் வருகிற ஆள், எல்லோரும் அவரிடம்தான் வருகிறார்கள். கிளச்சை எப்படி விடுவது என்று கேட்டால், "தூங்குற பிள்ளையப் பாயில போடுற மாதிரி" என்பார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறவர்களிடம், "கழுத்த நெரிக்காதீங்கம்மா, அது என்ன ஒங்க நாத்தனாரா?" என்பார். உதறல் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு வசனம் வைத்திருக்கிறார்: "பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக்கு இருக்கு."

அவரிடம் தேறாதவர் ஒரே ஒருவர், கணவர் உதயசூரியன். கூட்டுறவு வங்கியில் வேலை. முதல் நாளே வண்டியை நேராகக் கரும்புச்சாறு வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்கிப் போனவர், அதன்பிறகு காரில் இடது பக்கம் தவிர வேறு பக்கம் உட்கார்ந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் பிரகதீஸ்வரிக்குத்தான் இருந்தது. அவரும் இத்தனை காலமாக இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுப்பவரின் இடம் அது. காலடியில் இன்னொரு கிளச், இன்னொரு பிரேக். டிரைவர் சீட்டில் எப்போதும் வேறு யாரோ வியர்த்துக்கொண்டிருப்பார்கள். புதுக்கார் வாங்கும் ஒவ்வொரு முறையும், "இது வீட்டுக்கு, ஸ்கூலுக்கு இல்ல" என்று சத்தியம் செய்வார். ஒரு வண்டி ரிப்பேர் ஆகும், மாணவர்கள் காத்து நிற்பார்கள், வீட்டுக் காருக்கும் இரண்டாவது பிரேக் மாட்டி மஞ்சள் போர்டு ஏறிவிடும். உதயசூரியன் சிரிப்பார். பிரகதீஸ்வரியும் சிரிப்பார், கொஞ்சம் எரிச்சலோடு.

இப்படியிருக்கும்போதுதான் அன்னவாசலில் அந்தப் பழைய பியட் கார் கண்ணில் பட்டது. இன்னொரு மாணவர் வண்டி ஓட்ட, புது மாணவி ஒருத்தியை வீட்டில் விடப் போனவர், மாவு மில்லுக்குப் பின்னால் வாகை மரத்தடியில் அது நிற்பதைப் பார்த்தார். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம், முழுக்கத் துரு. ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் போடும் கியர். அதைக் கண்டதும் பிரகதீஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கை கியர் வண்டியில் இன்றைக்கு எவரும் ஓட்டக் கற்க வரமாட்டார்கள். டெஸ்ட்டுக்கும் உதவாது. வியாபாரத்துக்கு நயா பைசா பிரயோசனமில்லாத கார்! இதை ஸ்கூல் விழுங்காது. இது அவருடையதாகவே இருக்கும்.

மில்காரர் இன்னாசி நல்ல மனிதர். கார் அவருடைய அண்ணனுடையது. கோயம்புத்தூருக்குக் குடிபோனவர், "நீயே ஏதாச்சும் பண்ணிக்க" என்று சாவியையும் கையெழுத்தையும் கொடுத்துவிட்டார். இன்னாசி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"பைபாஸ்ல புதுசா பிரியாணிக் கட போடுறாங்கம்மா. மூஞ்சிப் பக்கத்த மட்டும் வெட்டிச் செவுத்துல பதிக்கப் போறாங்களாம், வர்றவங்க செல்ஃபி எடுக்க. சனிக்கெழம ஆளு அனுப்புறேன்னுருக்காங்க. நீங்க ஓட்டுறதுக்குக் கேட்டா ஒங்களுக்குத்தான். ஆனா பாத்துட்டு வாங்குங்க, பின்னாடி என்னைய வையாதீங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் பெலிக்ஸைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினார் பிரகதீஸ்வரி. பெலிக்ஸ் அவருடைய ஸ்கூல் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, இத வாங்குறதுக்கு நீங்க ஒரு யானையக் கட்டித் தீனி போடலாம்" என்று தன் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். பிரகதீஸ்வரி அவர் கையிலிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. தகரத்தில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் விழும்.

ஒருநாளும் இல்லாத அக்கறையோடு பார்த்தார். கதவைத் திறந்தார், கீழ்விளிம்பைத் தடவினார், காந்தத்தை இடம் இடமாக வைத்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. துரு இருந்ததே தவிர, அதை மறைக்க யாரும் பூச்சு வேலை செய்யவில்லை. தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டு ஸ்குரூ டிரைவரால் தரையைத் தட்டினார். கணீரென்றது. குனிந்து, உட்கார்ந்து, முட்டி போட்டு, இன்னொரு முறையும் தட்டினார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்.

"தர தங்கம், பெலிக்ஸு! நீ யானைங்கிற!"

காருக்கு மறுபக்கம் நின்ற பெலிக்ஸ் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பிறகு மெதுவாக, "இங்கிட்டுக் கொஞ்சம் வாங்கக்கா" என்றார்.

வலது கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் தரையே இல்லை. அருகம்புல் இருந்தது. நன்றாகத் தழைத்து, பிரேக் மிதியைச் சுற்றி வளர்ந்திருந்தது. மில்லின் தண்ணீர்த்தொட்டி வழிந்து வழிந்து அந்தப் பக்கத்தையே தின்றிருக்கிறது. சீட்டு இரண்டு பட்டைத் தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா, கார் வாங்க வந்துட்டு அங்கிட்டே நின்னு அம்புட்டயும் பாத்து முடிச்சிட்டீங்களே! ஓட்டப்போறது நீங்கதான?" பெலிக்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிரகதீஸ்வரியும் சிரித்தார். தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். கார் என்றதும் கால் தன்னால் இடது பக்கத்துக்குப் போயிருக்கிறது, வலது பக்கம் ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது. சிரித்து முடித்ததும் முகம் தொங்கிவிட்டது. ஆசைப்பட்டது ஒரே ஒரு சீட்டுக்கு, அந்தச் சீட்டுக்குக் கீழே புல்.

"செய்ய முடியாதாப்பா?"

"செய்யலாம்கா. அழுகுனத வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வச்சு வெல்டிங் அடிக்கலாம். பார்ட்ஸுக்குத் திருச்சி, மதுரைன்னு அலையணும். வருசம் ஓடிரும். செய்யலாமான்னு கேட்டா செய்யலாம். எதுக்குன்னு கேட்டாத்தான் எங்கிட்ட பதில் இல்ல."

பிரகதீஸ்வரி போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார். வங்கிக் கூட்டத்தின் இரைச்சல் இங்கே வரை கேட்டது.

"என்னங்க, காருல தர இல்ல."

"எந்தப் பக்கம்?"

"டிரைவர் பக்கம்."

"நான் ஒக்கார்ற பக்கம்?"

"அது தங்கமாட்டம் இருக்கு."

"அப்பறம் என்ன? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று உதயசூரியன் போனை வைத்துவிட்டார். பிரகதீஸ்வரிக்கு அந்த மனிதர் மேல் திடீரென்று பிரியம் பொங்கியது.

இன்னாசியிடம் ஒரு பலகை கேட்டு வாங்கி, ஓட்டையின் குறுக்கே போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "பாத்து, பாத்து!" என்று இருவரும் பதறினார்கள். சீட்டு முனகியது, விழவில்லை. பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். கியர் குச்சியை அசைத்துப் பார்த்தார். கால் வழக்கம்போல் பிரேக்கை மிதித்தது. மிதி தடையேதும் இல்லாமல் புல்லுக்குள் போய்விட்டது.

"பிரேக்கும் இல்லக்கா" என்றார் பெலிக்ஸ்.

"யாருகிட்டயும் இல்லயா?"

"யாருகிட்டயும் இல்ல."

பிரகதீஸ்வரிக்கு அது என்னவோ பிடித்துப்போயிற்று. "ஆசையா இருக்கு பெலிக்ஸு. எதுக்குன்னு கேட்டா அதுக்குத்தான்" என்றார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாளைக்கு வர்ற ஆளு வர வேணாம்னு சொல்லிருங்கண்ணே" என்றார். இன்னாசி மில்லுக்குள் ஓடாத குறையாகப் போனார், போன் பண்ண.

பியட்டைப் பட்டறைக்கு இழுத்துப் போகச் சாயங்காலமே டிராக்டர் வந்தது. பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் டிராக்டர் மேலேயே போய் மோதும் என்று, பெலிக்ஸ் இரும்புக் குழாயால் இரண்டையும் பிணைத்தார். கடன் வாங்கி மாட்டிய சக்கரங்கள், நான்கும் நான்கு விதம். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று பெலிக்ஸ் வாயெடுப்பதற்குள் பிரகதீஸ்வரி பலகை மேல் கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நடக்கிற வேகத்தில் டிராக்டர் ஊரைக் கடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மெயின்ரோட்டில் டிராக்டர் வலது பக்கம் திரும்ப வேண்டும். பியட்டில் இண்டிகேட்டர் விளக்கு எதுவும் எரியாது. பின்னால் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு மொபெட், அதில் கீரைக்கட்டுகளோடு ஒரு பெரியவர்.

டெஸ்ட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் பிரகதீஸ்வரி கை சிக்னல் கற்றுக்கொடுப்பார். லைசென்ஸ் வாங்கியபின் யாரும் போடுவதில்லை. சொல்லிக்கொடுத்தவருக்கும் வாய்த்ததில்லை. அது டிரைவர் பக்கத்து ஜன்னலில் போடுவது.

கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக அவருடைய வலது கை வெளியே வந்தது. வளையல்கள் சரிந்தன. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க, தோளிலிருந்து நேராக, முழு நீளத்துக்கும் நீட்டினார்.