கடலூர் ஜெயிலில் எழுதிய வாடகைப் பத்திரம்

கள்ளக்குறிச்சி ஆதிமூலத்துக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. மளிகைச் சீட்டு எழுதினாலும் அடியில் கையெழுத்தும் தேதியும் போடாமல் அவர் கை நிற்காது. வாடகைக்கு ரசீது தருவதில் மகா நேர்மையானவர். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தருவதில் மட்டும் கொஞ்சம் கூச்சம். அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்து போன யாரும் முழுத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருவருக்கு வெள்ளையடித்த செலவு போனது. இன்னொருவருக்கு, காலண்டர் மாட்ட ஆணி அடித்த ஓட்டை.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி நகரவில்லை. கைதானவர்களைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆதிமூலமும் அவர்களோடு போய்விட்டதாக அவர் மனைவி ராஜாம்பாள் தெருவில் நின்று அழுதார். மறியல் முடிந்ததும் தாடியோடு தென்பட்டவர், ஜெயில் களியின் பதம், கொசுவின் பருமன் எல்லாவற்றையும் டீக்கடையில் விவரித்தார். நிஜமாகவே ஜெயிலுக்குப் போனவர்கள் இவ்வளவு சொல்லவில்லை. பாவம், அவர்களுக்குக் கற்பனை போதாது.

அடுத்த தை மாதம், பின்கட்டில் குடியிருந்த நர்ஸ் அமலோற்பவத்துக்கு உளுந்தூர்பேட்டைக்கு மாற்றல் வந்தது. ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் காலி செய்தார். ஆதிமூலத்திடம் இருக்கும் இரண்டாயிரம் வந்தால்தான் அங்கே புது வீட்டுச் சாவி. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் காத்திருந்தது. தையல்கடை தனசேகரனும் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாராட்டுக் கூட்டத்துக்காக, சிறை சென்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போக வந்தவர்.

“இன்னா நர்சம்மா, மூணு மாசம் முன்னாடி சொல்லணும்ல? சொல்லலன்னா அட்வான்ஸ் கெடையாது.”

“ஒரு மாசம்னுதானண்ணே எழுதிக்கினோம்?”

“அது பழசு. பதினோரு மாசம் முடிஞ்சதும் அது வெறும் காயிதம். இப்ப செல்றது இதான்.” புதுப் பத்திரத்தை விரித்தார். “உங்க கையெழுத்துதான?”

“எங்கையெழுத்துதான். தேதிய கொஞ்சம் சத்தமா படிங்கண்ணே.”

“பத்தொம்போது, ஒம்போது, எம்பத்தேழு...” அவசரமாகப் பத்திரத்தை மடித்தார்.

மறியல் வாரம் முழுக்க அவர் பரணில் நெல் மூட்டைக்குப் பின்னால்தான் படுத்திருந்தார். பொழுது போகவில்லை. இறங்கி வந்து, மூன்று மாதக் கண்டிஷனைச் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி, அமலோற்பவத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டு மறுபடி ஏறிவிட்டார். நர்ஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை. சீக்காளி ரகசியம் காப்பது பழக்கம்தானே.

தனசேகரன் பேனாவை மூடினார். “இன்னா மாமா, அன்னிக்கி நீ கடலூர்ல இல்ல இருந்த? பத்திரம் எழுதறதுக்கு லீவு குட்தாங்களா?”

“பத்திரம் செல்லும்னா அண்ணன் வூட்ல இருந்தாரு. செல்லாதுன்னா ஜெயில்ல இருந்தாரு. எதுன்னு அவரே சொல்லட்டும்” என்றார் அமலோற்பவம். “எனக்கு வண்டிக்கு நேரமாவுது.”

ஒரு பக்கம் இரண்டாயிரம். இன்னொரு பக்கம் மேடை, மைக், மாலை. ஆதிமூலம் பெருமூச்சு விட்டார்.

“எவனோ என்ன மாரியே எழுதி வச்சிக்கிறான், திருட்டுப் பய” என்று திட்டியபடி தன் கையெழுத்தைத் தானே கிழித்துப் போட்டார். “ராஜாம்பா, பீரோவத் தொற.”

பணம் முழுசாக வந்தது. ஆணி ஓட்டைக்குக்கூடப் பிடிக்கவில்லை. வண்டி கிளம்பியது. தனசேகரன் பேனாவைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் ஜெயிலிலிருந்து வெளியே வரப் பணம் கட்டினார்கள். உள்ளே போவதற்குக் கட்டியவர் நம் ஆதிமூலம் ஒருவர்தான்.