கமான் சொல்லும் உத்தியோகம்

நான் கோவில்பட்டியில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். பாடினேன் என்பதே கொஞ்சம் அதிகம்தான். ராப் வரும் பாட்டுகளில் ஆண் பாடகர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். நான் பக்கத்தில் நின்று "ஆ" என்பேன். தொண்ணூறுகளில் அந்தப் பாட்டுகளுக்குள் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். இரண்டாயிரம் பிறந்ததும் பதவி உயர்வு வந்தது. "ஆ" போய் "கமான்" வந்தது. சில பாட்டில் "பேபி"யும் உண்டு. அதை இளைப்பு நோய் வந்தவள் மாதிரிச் சொல்ல வேண்டும். நன்றாக மூச்சு இளைத்தால் ஒரிஜினல் மாதிரியே இருக்கிறது என்று பாராட்டுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எரிச்சலாகத் தெரிய ஆரம்பித்ததற்கு ஒரு கேசட்தான் காரணம். எங்கள் கீபோர்டுக்காரர் யாரிடமோ பதிவு செய்து வாங்கி வந்தது. கச்சேரிக்குப் போகிற வேனில் போடுவார். முழுக்க அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். ராகம் இழுப்பதெல்லாம் குறைவு, பேச்சுதான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர்கள் ஆம்பளைகளை வாங்கு வாங்கென்று வாங்குகிறார்கள் என்று புரிய இங்கிலீஷ் எதற்கு? தண்ணீர் வராத நாட்களில் எங்கள் தெருக் குழாயடியில் அதே வேகத்தில்தான் பேச்சு நடக்கும். கேசட் அட்டையில் அவர்கள் தொளதொள சட்டையும் பேண்ட்டுமாக நின்றார்கள். "இவளுக ஆம்பளையா பொம்பளையா?" என்று எங்கள் ஆண் பாடகர் முகத்தைச் சுளித்தார்.

சில வருடங்களில் கேபிளில் பாட்டுச் சேனல் வந்தது. இப்போது அந்த நாட்டுப் பெண்களிடம் தொளதொளப்பு போய் உடையே கொஞ்சமாகத்தான் இருந்தது. நம் பாடகர் அதற்கும் முகத்தைச் சுளித்தார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. துணி குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. பல பாட்டில் பேச்சும் சேர்ந்து குறைந்ததுதான் வருத்தம். ஆண் பேசிக்கொண்டே இருப்பான், அவள் நடுவில் வந்து ஒரு வரியை இழுத்துவிட்டுப் போவாள். ஒன்றிரண்டு பேர் மட்டும் தங்கள் காரையும் நகையையும் பற்றித் தாங்களே பெருமையடித்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் நகையைப் பற்றிப் பெருமையடிக்கிற உரிமை அவளுடைய மாமனாருக்குத்தான் உண்டு.

ஒரு தடவையாவது மைக்கில் என் சொந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது.

பசுவந்தனைப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் வழி பிறந்தது. ஆண் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பையன்கள் ராப் பாட்டு வேண்டும் என்று கத்தினார்கள். குழுவை நடத்திய அண்ணாச்சி என்னிடம் வந்து, "அவன் பேசுத எடத்துல நீ இங்கிலீசுல என்னத்தையாவது சொல்லி ஒப்பேத்திரு" என்றார். தெரியாத இங்கிலீஷை எங்கே போய்த் தேட? வேனில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்த வரிகளை எடுத்து விட்டேன்.

"உப்பு கொறவுன்னு தட்டத் தள்ளுத,
ஏலே, ஒல கொதிக்கையில எங்க போன?
பெட்டி ஒட்டி என் வெரலு தேஞ்சுது,
பெஞ்சுல ஒக்காந்து ஒன் வேட்டி தேஞ்சுது."

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற ஆண்களுக்குப் புருஷனை ஏலே என்று கூப்பிட்டது பிடிக்கவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் பொன்னாடையை அண்ணாச்சிக்குப் போர்த்திவிட்டு, "கச்சேரி பிரமாதம். அந்தப் பிள்ளைக்கு வீட்டுல எதும் பிரச்சனையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

திரும்பும்போது வேனில் அண்ணாச்சி சொன்னார். "வார்த்த நல்லாத்தான் இருக்கு. ஆம்பளக் கொரல்ல வந்தா இன்னும் எடுப்பா இருக்கும். அவனுக்குச் சொல்லிக் குடுத்துரு. நீ பக்கத்துல நின்னு கமான் சொல்லு, போதும்."

நானும் சொல்லிக் கொடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பாவி அதை எப்படிச் சொல்லப்போகிறான் என்பது அடுத்த கொடையில், எப்போதும்வென்றான் ஊர் மேடையில்தான் தெரிந்தது.

"உப்பு கொறஞ்சா தட்டத் தள்ளுவேன்,
ஏட்டி, ஒலய வச்சிட்டு எங்க போன?"

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் பேச்சாலேயே அவர்களுக்கு அடி விழுகிறது. பாடகர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், நான் கமான் சொல்ல வேண்டிய இடம். நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், "ஏலே" என்றேன்.

அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். மைக்செட்காரர் என் மைக்கை அணைத்தார். ரிதம் பேட் வாசிக்கிறவர் குழம்பிப்போய்க் கையை நிறுத்திவிட்டார். தாளம் நின்று பாட்டும் அறுந்தது, எனக்கு அதுவே போதும். மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து, முன்வரிசைப் பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"உப்பில்லன்னு சொன்ன நாக்கு
ரெண்டாந்தடவ சோறு கேட்டது எதுக்கு?"

முதலில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் திரும்பி அடுத்த வரிசைக்குச் சொன்னார். அவர்கள் அதற்கு அடுத்த வரிசைக்குச் சொன்னார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், ஆண்கள் நிற்கிற இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. மேடைக்குப் பக்கவாட்டில் நின்ற ஒருவர் குனிந்து தன் மனைவியிடம், "என்னட்டி சொல்லுதா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒங்களுக்கு இல்ல, சும்மா நில்லுங்க" என்றார்.