பன்னிரண்டாம் அத்தியாயம்

காய்ச்சலில் படுத்திருந்த அந்த மத்தியானம் நடந்த பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அலுவலகத்துக்குப் பக்கம் என்று அவள் சித்தப்பா வீட்டில்தான் தங்கியிருந்தாள். காலை ஷிப்டு முடிந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த சித்தப்பா, தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். அவருடைய ஆறாவது நாவல்.

"இதையா படிக்கிற?"

"போன்ல சார்ஜ் இல்ல சித்தப்பா. கைக்கு எட்டினது இதுதான்."

"பரவாயில்ல, பரவாயில்ல. எது வரைக்கும் வந்திருக்க?"

"பதிமூணு. ஒரு சந்தேகம். ஓடக்காரி எதுக்குத் திடீர்னு வானத்துல மிதக்கிறா?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதான் பன்னெண்டுல வருதே. தன் நிழலைத் தானே அறுத்துக்கிறாளே. அந்த ஒரு அத்தியாயம் என்னைப் படுத்தின பாடு உங்க சித்திக்குத்தான் தெரியும்."

"பன்னெண்டுல அது இல்ல சித்தப்பா."

"நேரா சொல்லியிருக்க மாட்டேன். பூடகமா வரும்."

"இல்ல. பன்னெண்டுல பதினொண்ணுதான் இருக்கு."

"புரியல."

"பதினொண்ணாவது அத்தியாயமே இன்னொரு தடவை அச்சாகியிருக்கு. மேல மட்டும் பன்னிரண்டுன்னு போட்டிருக்கு."

"அதே துறைமுகம், அதே மழை. ஜுரத்துல உனக்கு ரெண்டும் ஒண்ணு போலத் தெரிஞ்சிருக்கும்."

"அதே வரி சித்தப்பா. ஒரு புள்ளி மாறல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு இடத்திலும் விரலை வைத்து மாறி மாறிப் புரட்டினார். "இந்தப் பிரதியில பைண்டிங்காரன் சொதப்பியிருக்கான்" என்று எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப் பிரித்து இன்னொன்றை எடுத்துவந்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதையும் எடுத்துவந்தார். பிறகு, தெரியாதவர் போல அவளிடம் கேட்டார்.

"இது வெளிவந்து எவ்வளவு காலமாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"ம். மாத்திரையை வெறும் வயித்துல போட்டுடாத."

மூன்று பிரதிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

சித்தப்பாவுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்திலாவது லிப்ட் நடுவழியில் நின்று, உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், அந்த அழைப்பு அவர் மேஜைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கதவை நெம்பாதீர்கள், மேலே காற்றுத் துளை இருக்கிறது, மூச்சு முட்டாது, தரையில் உட்காருங்கள், உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பற்றிக்கொண்டு தொங்குவார். கதவு திறந்த கணத்தில் இணைப்பு அறுந்துவிடும். நன்றி சொல்லக்கூட யாருக்கும் தோன்றாது.

"நாவலை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க. மாட்டிக்கிட்டவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. பாவம், ஓடவும் முடியாது" என்பாள் சித்தி. அந்தக் கேலிக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சித்தப்பாதான்.

விடிவதற்கு முன்பே எழுந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய மடிக்கணினியை விரித்து, வேலைக்குக் கிளம்பும்வரை எழுதுவார். பக்கத்தில் மூடிபோட்ட டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருக்கும். ஆறு பாகங்களாக அவர் உண்டாக்கிய உலகத்தில் இரண்டு சூரியன்கள். ஆகவே ஆளுக்கு இரண்டு நிழல்கள். நிழலுக்கு எடை உண்டு. கையில் காசில்லாதவர்கள் ஒரு நிழலை விற்றுவிட்டு லேசாக நடப்பார்கள். இரண்டையும் இழந்தவர்கள் மேலே போய்விடுவார்கள், திரும்பி வர மாட்டார்கள். அந்த உலகத்துக்கு அவர் யோசித்து வைக்காத காரியமே கிடையாது. ஒருமுறை காய்கறிக் கடையில் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்தபோது, "அங்கே தராசைக் கூரைக்குக் கீழேதான் வைக்கணும். வெயில்ல வெச்சா வெண்டைக்காயோட நிழலையும் சேர்த்து நிறுக்க வேண்டி வரும்" என்றார். கடைக்காரர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

சித்திக்கு அதெல்லாம் எட்டாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். "இருக்கிற ஒரு சூரியனுக்கே துணி காயமாட்டேங்குது. இவரு ரெண்டு வெச்சிருக்காரு" என்பாள்.

பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு எல்லாவற்றையும் அவரே செய்யக் கற்றுக்கொண்டார். பக்கம் கட்டுவது, அட்டை வரைவது, இணையத்தில் ஏற்றுவது, அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் கைவேலை. அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஓரங்களும் வரி இடைவெளியும் கலைந்துவிடும் என்ற பயத்தில், புதிய அத்தியாயத்துக்குப் புதிய பக்கம் திறக்க மாட்டார். முந்தைய அத்தியாயத்தை அப்படியே நகலெடுத்து, மேலே எண்ணை மாற்றி, பழைய வரிகளை அழித்துவிட்டு, வேறிடத்தில் எழுதிவைத்திருந்ததைக் கொண்டுவந்து ஒட்டுவார். பன்னிரண்டில் எண்ணை மாற்றினார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டார்களோ, மற்றதை மறந்துவிட்டார். எழுதிய அத்தியாயம் வேறொரு கோப்பில் பத்திரமாக இருந்தது.

"பத்து நிமிஷ வேலை சித்தப்பா. சரியான கோப்பை ஏத்திட்டாப் போச்சு" என்றாள் அவள், காய்ச்சல் விட்டதும்.

"ஏத்தறது கெடக்கட்டும்" என்றார். "ரெண்டு வருஷமா யாரும் கேக்கலையே. அதை எங்கே ஏத்தறது?"

ஆனாலும் அவர் முழுதாக நம்பிக்கை இழக்கவில்லை. படித்தவர்கள் கவனித்திருப்பார்கள், மனசு நோகும் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் கட்டிக்கொண்டார். இணையத்தில் அந்த நாவலுக்கு ஒரு சில அபிப்பிராயங்கள் இருந்தன. 'அருமை', 'விறுவிறுப்பு', 'அடுத்த பாகம் எப்போது?' அவற்றை எழுதியவர்கள் முகம் தெரியாதவர்கள். முகம் தெரிந்த வாசகர் ஒருவர்தான். இரண்டு தெரு தள்ளியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பாகம் வந்ததும் ஒரு வாரத்தில் வீடு தேடி வந்து பாராட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு வாரம் சித்தப்பாவுக்குத் தரையில் கால் பாவாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"வாங்க, வாங்க நாவலாசிரியரே. ஏழாவது பாகம் எந்த மட்டுல இருக்கு?"

"போயிட்டிருக்கு சார். அதுக்கு முன்னாடி, ஆறாவதைப் பத்தி உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்னு வந்தேன். குறை ஏதாவது இருந்தா தயங்காம சொல்லணும்."

"குறையா? எடுத்தா கீழ வைக்க முடியல. நடுவுல வருதே, அந்த இடம்தான் உச்சம்."

"பன்னெண்டாவது அத்தியாயமா சார்?"

"அதேதான். கண்ணு கலங்கிப்போச்சு. இவகிட்டகூட சொன்னேன்" என்று உள்ளே கைகாட்டினார்.

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். இப்போது கேட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவரோ, "எங்கேயாவது திருப்பிச் சொன்ன மாதிரி இருந்துதா சார்?" என்று இன்னொரு வாசலையும் திறந்துவைத்தார்.

"திருப்பிச் சொல்றதா? உங்க எழுத்துல ஒரு வரி அதிகம்னு சொல்ல முடியாது. கத்தரிச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

"ரொம்ப நன்றி சார்."

டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். வாத்தியார் மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தெருவுக்கு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நல்ல மனுஷன். நம்ம மேல பிரியம் இல்லாமலா இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்றாரு?"

"விடுங்க சித்தப்பா."

"முதல் பாகத்துக்கும் நடுவுல வர்ற இடம்தான் உச்சம்னு சொன்னாரு. நான் ஒரு மடையன், அடுத்தடுத்த பாகத்துல நடுப்பக்கத்துக்கு ரொம்ப மெனக்கெட்டேன்."

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. வாங்கியவர்கள் பிரித்துப் பார்க்காமலே தூக்கிப் போடும் தாள்கள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவருக்கு அதைச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு சித்தப்பா எழுதவில்லை. விடிவதற்கு முன்பு விழிப்பு மட்டும் பழக்கத்தில் வந்தது. மேஜைக்கு வந்து, மடிக்கணினியைத் திறக்காமல், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிவப்புப் பொத்தான் அழைப்புகளுக்கு மட்டும் அதே நிதானமான குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவருடைய கம்பெனி ஆட்கள் சொன்னார்கள்.

சித்தி ஒருநாள் முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். அதைக் கவனிக்காதவர் போலவே சித்தப்பா காட்டிக்கொண்டார். இரண்டு சூரியனும் உதிக்கும் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். மறுநாளும் அதே பக்கம், அதே தூக்கம். மூன்றாம் நாள் அவர் போய் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். "போதும் விடு. நீ காலையில நேரத்தோட எந்திரிச்சு ஓடுற ஆளு. உனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்றார். சித்தி கண்ணைத் திறக்காமலே, "எனக்கு வராதுங்க. வந்திருந்தா உங்களைக் கட்டின நாள்லயே வந்திருக்கும்" என்றாள். கேலியாக ஆரம்பித்தது நடுவில் எங்கோ வழி தவறிவிட்டது.

கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று அவர் சொன்னதும் அந்த வாரத்தில்தான். எல்லாம் முடிந்தது என்றே வீட்டில் நினைத்தார்கள்.

ஒருநாள் காலை, அவள் அலுவலகத்துக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, அவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அச்செடுத்த தாள்கள், ஓரத்தில் ஊசி குத்தியிருந்தது.

"பன்னெண்டா சித்தப்பா?"

"ஆமா."

"குடுங்க. பஸ்ல படிக்கிறேன். சாயங்காலம் வந்து சொல்றேன்."

"வேண்டாம்மா" என்றார். தாள்களை அவளிடம் நீட்டாமல் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார். "லீவு நாள்ல எனக்கு ஒரு அரைமணி நேரம் குடு. இங்கேயே உக்காந்து படி. நான் எதிர்ல இருக்கேன். நல்லா இருக்குன்னு நீ சொல்லவே கூடாது. ஒருத்தர் என் எழுத்தைப் படிக்கிறப்ப முகம் எப்படி இருக்கும்னு இத்தனை வயசுக்கு நான் பாத்ததே இல்ல. சலிச்சுப்போனா எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிக்காத. பாதியிலயே வெச்சுடு. எந்த வரியில வெக்கிறேன்னு மட்டும் விரலால தொட்டுக் காட்டு."