வகுப்புக்கே சித்தப்பா

வெல்டர் முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்தபோது நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காதோரம் லேசான நரை, கையில் தோல் பை. பேராசிரியர்தான் என்று நினைத்துவிட்டோம். அவருக்கும் கை கால் ஓடவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு மொத்தமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

"நானும் ஃபர்ஸ்ட் இயர்தாம்பா" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் எல்லோருக்கும் சித்தப்பா ஆகிவிட்டார்.

அதுவரை இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வேலை. அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. இடம் கிடைத்ததும், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, "இப்ப விட்டா அப்புறம் எப்ப? வீட்டை நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்று பெட்டியைக் கட்டிவிட்டார். பட்டறை முதலாளி மட்டும், "வருஷக் கடைசி வரைக்கும் உன் இடத்துல வேற ஆளைப் போட மாட்டேன். ஒத்துவரலைன்னா கூச்சப்படாம வந்துடு" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை வெல்டரின் மண்டைக்குள் குடியேறிவிட்டது. வகுப்பில் ஏதாவது புரியாமல் போகும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

வகுப்பில் அவருக்குப் பாதி புரியவில்லை. விடுதியிலோ அவர் ராஜா. "சித்தப்பா, ஃபேன் கடகடங்குது." "சித்தப்பா, இவன் என் செருப்பைப் போட்டுட்டுப் போயி அறுத்துட்டு வந்திருக்கான், கேளுங்க." காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான், காதலில் கவிழ்ந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றுவதும் அவர்தான். இதையெல்லாம் போனில் பெருமையாகச் சொன்னபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டார்.

"அங்க படிக்கப் போனீங்களா, நாட்டாமை பண்ணப் போனீங்களா?"

படிக்காமலும் இல்லை. சாயங்காலம் நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்து நாலைந்து பேர் கணக்குப் போடுவார்கள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டித் தூங்கும் அவருடைய அறைத்தோழன் நெட்டை வருவான். ஒல்லியான உடம்பும் கூர்மையான வாயுமாகக் குண்டூசி என்று பேர் வாங்கிய பெண்ணும் வருவாள். நடுநாற்காலி சித்தப்பாவுக்கு. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டு கோவைகளின் பெருக்கலை வகையிடச் சொல்லி ஒரு கணக்கு வந்தது. சித்தப்பா யோசிக்கவே இல்லை.

"இதுல என்ன இருக்கு? ரெண்டையும் தனித்தனியா வகையிட்டு, அப்புறம் பெருக்கிட வேண்டியதுதான். இரும்பு கேட்டு செய்யறதும் இப்படித்தான். ஒவ்வொரு துண்டா செஞ்சு ஒண்ணா ஒட்டிடுவோம்."

நெட்டை குண்டூசியைப் பார்த்தான். குண்டூசி மேசையைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தப்பாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. அதன்பிறகு எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் வாய் திறப்பவர் அவராகவே இருந்தார்.

முதல் பருவத் தேர்வில் கணக்கு ஊத்திக்கொண்டது. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். வருஷக் கடைசியில் மறுபடி எழுதித் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. விடைத்தாளில் தான் போட்ட பெருக்கல் கணக்கு தலை முதல் கால் வரை அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நூலகத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, இதை அன்னிக்கு உங்க எதிர்லதானே போட்டேன்? எல்லாரும் தலையாட்டினீங்களே!"

நெட்டைதான் மென்று விழுங்கினான். "தப்புன்னு தெரியும் சித்தப்பா. உங்களைப் போய் எப்படி..."

"எப்படின்னா?"

"எங்க சித்தப்பாவை நான் எதிர்த்துப் பேசுவேனா? அது மாதிரிதான்" என்றாள் குண்டூசி. "ஃபேன் மாட்டித் தர்றீங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. உங்க கணக்கு தப்புன்னு சொல்ல நாக்கு வரல."

"ஊரையே குத்துற நாக்கு! என்கிட்ட மட்டும் மரியாதையா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மரியாதை கொடுத்தவர்களைத் திட்ட முடியாது. அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் அவர்தான்.

இரண்டு நாள் நூலகத்துப் பக்கமே போகவில்லை. பட்டறைக்குப் போன் போடலாமா என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் போய், நடுநாற்காலியைக் குண்டூசி பக்கம் தள்ளிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மேசையில நான் சித்தப்பா இல்ல. தப்புப் பண்ணினா மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

"அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றாள் குண்டூசி.

"மாட்டேன்."

தூக்கித்தான் வைத்துக்கொண்டார். அவள் சும்மா விடுகிற ஆளா? "என்னத்த ஒட்டுறீங்க? முதல்ல இதை அப்படியே வச்சுட்டு அதை வகையிடுங்க. அப்புறம் அதை வச்சுட்டு இதை. ரெண்டையும் கூட்டுங்க. எத்தனை தடவை சொல்றது!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குக் காது மடல் சிவக்கும், பேனா நிற்காது. அறைக் கதவைத் தட்டி ஃபேன் என்று வந்தவர்களிடம், "மெக்கானிக் லீவுப்பா" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவன் பேச்சையே நிறுத்திக்கொண்டான். விடுதியில் அவர் ராஜாவாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

வருஷக் கடைசியில் தேறினார். ஓஹோ என்றெல்லாம் இல்லை, கரையைத் தொட்ட அளவுக்குத்தான். முடிவு வந்த அன்று முதல் போன் மனைவிக்கு, அடுத்தது பட்டறைக்கு.

"என் இடத்துக்கு ஆள் போட்டுடுங்க முதலாளி."

"போட்டு நாலு மாசமாச்சுடா" என்றார் முதலாளி. "உன்கிட்ட சொன்னா மனசு உடைஞ்சிடும்னு சொல்லல."

மற்ற பாடங்களில் ஒன்றிரண்டு காலை வாரிவிட்டதால் அவர் பட்டம் வாங்க எங்களைவிட ஒரு வருஷம் கூடுதலாக ஆனது. இப்போது பாலங்களுக்கு இரும்புச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறார். மனைவியும் அந்த ஊரிலேயே ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறார்கள்.