மூன்று நாள் துக்கம்

அப்பா கார்த்திகையில் போனார். தை பிறந்தபோது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வத்தேகமத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா வீட்டில் அந்த வருடம் பானை ஏறவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பொங்கல் கிடையாது. ஆனால் நான் டவுனில், மஹய்யாவையில் வாழ்க்கைப்பட்டவள். கட்டிக்கொடுத்த மகளுக்குத் தீட்டு மூன்றே நாள். தலைக்கு ஊற்றியதோடு என் துக்கமும் முடிந்துவிட வேண்டும்.

"பொங்கலுக்கு அம்மாகிட்ட இருந்துட்டு வர்றேன் அத்தை" என்று கேட்டேன். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மருமக இருக்கையில வேற யாரு பானை வைக்கிறது? அது ஒங்கப்பா வீட்டுத் தீட்டு. நமக்கு என்னா?"

கணவரைப் பார்த்தேன். அவர் கரும்பு வாங்கக் கிளம்பிவிட்டார். கரும்புக்காக அப்படியொரு அவசரம் அவருக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பொங்கலன்று வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் இடையே நாலு எட்டுத்தான். புகை போக வழியில்லாமல் என் கண்ணுக்குள் வந்தது. ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்காததற்கு அந்தப் புகைதான் காரணம். நெல் அறுத்தவர்கள் சூரியனுக்கு நன்றி சொல்லத் தொடங்கிய பண்டிகையாம். எங்களுக்கு வயலேது? கொழுந்து பறிக்கக் கடல் தாண்டி வந்தவர்கள் வயலை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் கொண்டுவந்தார்கள். கடை அரிசியைக் களைந்து வைத்தேன். அந்த வருடம் எனக்குச் சூரியன்மேல் கோபம்தான்.

பால் பொங்கியது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். "பானை வச்சவ வாய மூடிக்கிட்டு நிக்கக் கூடாது" என்று அத்தை முதுகில் தட்டினார். நானும் கத்தினேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் ஒரு டப்பாவில் பொங்கலை எடுத்துக்கொண்டு வத்தேகம பஸ் ஏறினேன். அம்மா மூடியைத் திறந்ததுமே கையால் எடுத்து வாயில் போட்டாள்.

"அம்மா, இந்த வருசம் நமக்குப் பொங்கல் ஆகாதே?"

"நாமதான் பொங்கக் கூடாது. வெளி வீட்டுலருந்து வந்தா திங்கலாம்."

அப்பா போன பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். விரலை வழித்தபடி சொன்னாள்:

"ஒங்க வீட்டுல இனிப்பு கொஞ்சம் கொறவுதான்."