முறைக்காரி செய்த சாலட்

என் கணவருக்கு இருந்தது ஒரே ஒரு மாமன் மகள். ஒன்று போதாதா? எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், அவள் மறையூரில் பஸ் ஏறி, உடுமலையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி, கிழக்குப் பாலக்காட்டில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் ஒரு மத்தியானம் வந்து நின்றாள். கையில் ஒரு சாக்குப்பை. அதில் கேரட், முட்டைக்கோஸ், முற்றிய பீன்ஸ், அடியில் வெல்ல உருண்டைகள். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சினார்கள். காய்கள் அதற்கும் மேலே மலையில் விளைந்தவை. எங்கள் பக்கத்துச் சந்தையில் அந்த நிறத்தில் கேரட் பார்க்கவே முடியாது.

"அக்கா, நல்லாருக்கறீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை நான் அதற்கு முன் பார்த்தது என் கல்யாணப் பந்தலில் மட்டும்தான். அன்று அவளும் புதுப்பெண். எங்களுக்கு முந்தின மாசம்தான் அவளுக்கு முடிந்திருந்தது.

நான் அசல். அதாவது, சொந்தத்தில் எடுக்காமல் வெளியிலிருந்து எடுத்த பெண். எங்கள் ஆட்களில் மாமன் மகள் இருக்கும்போது அசலில் எடுத்தால் எல்லோரும் காரணம் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவும் கேட்டார். ஜாதகம் சேரவில்லை என்று சொன்னார்கள். ஜாதகத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய கட்டத்தில் எந்தக் கிரகம் எங்கே உட்கார்ந்து என்னைக் காப்பாற்றியதோ, அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன்.

கட்டிக்கொண்டவர் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது. வாளையார் செக்போஸ்டில் லாரிகள் நிற்கிற மாதிரி அவர் வாயில் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். ஒன்று வெளியே வந்தால் அடுத்தது வர ஒரு யுகமாகும். "தண்ணி." "மோட்டார் போட்டாச்சா." "மாட்டைப் புடிச்சுக் கட்டு." இதுதான் எங்கள் தாம்பத்தியத்தின் மொத்தப் பேச்சு. அவர் சுபாவமே அப்படித்தான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தார். வாசலிலேயே அவளைப் பார்த்தார்.

"அடடா, நீயா! ஊட்டு வாசல்ல யானை நிக்கறாப்ல இருக்குதே, மறையூர்க் காட்டுல இருந்து வழி தப்பி வந்துருச்சாட்ட இருக்குதுன்னு பயந்து போயிட்டன்" என்றார்.

"யானையக் கட்டி மேய்க்கத் தெம்பில்லாமத்தான மச்சான் நீங்க மானைப் புடிச்சுட்டு வந்தீங்க?" என்றாள் அவள், என்னைக் காட்டி.

என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் தலையை அண்ணாந்து சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் சொத்தை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த வாயை என்னிடம் அவ்வளவு அகலமாக அவர் திறந்ததில்லை.

எங்கள் பக்கம் இதற்கு முறை உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் கேலி பேசிக்கொள்ளலாம். என்ன வேண்டுமானாலும் பேசலாம். கல்யாணமாகி ஆளுக்கு நாலு பிள்ளை பெற்ற பிறகும் பேசலாம். பக்கத்தில் பெண்டாட்டி இருந்தால் இன்னும் நன்றாகப் பேசலாம். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் சுளித்தவள்தான் ஆகாதவள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்ததை அடுப்புப் புகை மறைத்தது.

அன்றைக்கென்று பார்த்து அடுப்பும் என்னை ஏமாற்றியது. விறகு ஈரம். உலை கொதிக்கவே இல்லை. பசியோடு வந்தவர் திரும்பித் திரும்பி அடுப்பங்கரையைப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே வந்தாள்.

"அக்கா, நீங்க சோத்தைப் பாருங்க. அதுக்குள்ள நான் வெரசா ஒண்ணு பண்ணித் தாரனுங்க. ஸ்டவ்வு எங்கீங்க இருக்குது?"

என் சமையலறையில் என் பம்ப் ஸ்டவ்வை அவள் பற்றவைத்தாள். பீன்ஸை உரித்து வெள்ளை விதைகளை எடுத்து உப்புப் போட்டு வேகவைத்தாள். காயாத விதை என்பதால் சீக்கிரம் பூவாக வெந்துவிட்டது. அது வேகிற நேரத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து கேரட்டையும் கோஸையும் நூல் நூலாக அரிந்தாள். அந்தக் கை ஓடிய வேகத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஒப்புக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சின்ன வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய். வறுத்த கடலைக்காயை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டினாள். விதையை வடித்து, எல்லாவற்றையும் ஒட்டுக்காகப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவி, கடலெண்ணெய் ஒரு சுற்று விட்டுக் கையாலேயே பிசறினாள். மூணாறு பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த பெண் இப்போது அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாளாம்.

"பேரு சாலட்டுங்க" என்றாள்.

உப்பு என்னுடையது. எண்ணெய் என்னுடையது. கடலைக்காய் எங்கள் காட்டில் நான் குனிந்து பொறுக்கியது. எலுமிச்சை நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தினுடையது. பேர் மட்டும் அவளுக்கு.

என் கணவர் தட்டைப் பார்த்தார். "என்ன புள்ள இது, மாட்டுக்குப் போடற தழையாட்ட இருக்குது?"

"மாட்டுக்குத்தானுங்க போட்டிருக்கறன்" என்றாள்.

மறுபடி சிரிப்பு. மாடு ஒரு தட்டை முடித்து இன்னொரு தட்டு கேட்டது. வாயில் போட்டுக்கொண்டே பேசியது. "இதை மின்னாலயே பண்ணிப் போட்டிருந்தீன்னா நான் உன்னைய உட்டிருப்பனா? நீ மறையூருக்குப் போனதுல இருந்து ஒரு மாசம் எனக்குச் சோறே எறங்கலே, தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த மாசத்தில்தான் எங்களுக்கு நிச்சயம் நடந்தது. என் அப்பா வீட்டு விருந்தில் அவர் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். இருந்தாலும் அந்தப் பொய்யை அவர் சொன்ன அழகு இருக்கிறதே, கண்ணில் நீர் மட்டும்தான் வரவில்லை.

"பொய்யி! நம்பாதீங்கக்கா" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "ஜாதகம் சேரலீன்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே? ஜாதகத்தைப் பொட்டியில இருந்தே எடுக்கலீங்க. எங்கப்பன் எங்கிட்ட வந்து கேட்டாரு. நாந்தான் மாட்டவே மாட்டன்னுட்டன். இந்த ஊருக் கெணத்துல தண்ணி சேந்தியே எனக்குக் கை தேஞ்சு போயிருமுங்க. அதான் மச்சானை உங்களுக்கு உட்டுக் குடுத்துட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், தாடை வலிக்கும்வரை. சிரித்துக்கொண்டே மாமியாரைப் பார்த்தேன். அவர் எல்லோருக்கும் முந்திச் சிரிப்பை நிறுத்திவிட்டு, சிந்தாத கோஸைத் தரையில் தேடிப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். அவள் சொன்னது கேலியல்ல, நிஜம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றியது எந்தக் கிரகமும் இல்லை. இவள் வேண்டாமென்று தள்ளிய இலையில்தான் எனக்குச் சாப்பாடு போட்டிருந்தார்கள்.

அந்தச் சாலட்டை நானும் சாப்பிட்டேன். நன்றாக இல்லாமல் போயிருந்தால் அன்றைக்குப் பாதி ஆறுதலாவது கிடைத்திருக்கும். விதை வெண்ணெய் மாதிரி இருந்தது, கேரட் நறுக்கென்று கடிபட்டது, நடுநடுவே கடலை. வயிறு நிறைந்தது. என் சோறு வெந்து இறங்கியபோது அதைக் கேட்க ஆளில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். "அக்கா, மீதிக் காய நீங்களே பண்ணிப் போடுங்க. ரொம்ப சுளுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் ரோடு வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பஸ் போனது. அவர் திரும்பி வந்தார், வீட்டுக்குள் நுழைந்தார், "தண்ணி" என்றார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய அழகைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. என் மூக்கு அவள் மூக்கைவிட எடுப்பானது, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அவரும் அவளைத் தப்பாக ஒரு பார்வை பார்க்கவில்லை. எனக்குப் பொறாமை அந்தப் பேச்சின் மேல். யானை, மாடு, பட்டினி என்று அத்தனை விளையாட்டும் அந்த மனிதருக்குள் இருந்திருக்கிறது. அதைப் பொட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு எனக்குத் தண்ணியும் மோட்டாரும் மட்டும் தந்திருக்கிறார். எனக்கும் அதில் பங்கு வேண்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னையும் யானை என்று சொல்ல வேண்டும். நான் பதில் சொல்வேன். எனக்கும் வாய் இருக்கிறது.

அந்த வாரமே செய்தேன். மாமியார் பக்கத்து ஊருக்கு ஒரு சீருக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துச் செய்தேன். அவள் போட்ட எல்லாவற்றையும் போட்டேன். அவள் போடாததையும் போட்டேன்: மாங்காயைத் துருவிக் கொஞ்சம், தேங்காய்ப் பல் கொஞ்சம். கோஸை அவளைவிட மெல்லிசாக அரிந்தேன், விரல் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டது. புளிப்பும் உறைப்பும் சரியாக நிற்க, அவளுடையதைவிட என்னுடையது ஒரு படி மேல். நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "மாட்டுத் தழை" என்று அவர் சொன்னால் என்ன சொல்வது என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சாப்பிட்டார். பாதித் தட்டு காலியானது. வெளியே தென்னையில் காற்று அடித்தது.

"எப்படீங்க இருக்குது?" என்றேன்.

"நல்லாருக்குது."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பிடித்திருக்கும். என் மூன்று பதில்களும் என் வாய்க்குள்ளேயே கிடந்தன. அந்தக் கோபத்தில்தான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அந்தப் புள்ள அன்னைக்குச் சரீன்னு சொல்லியிருந்தா, நீங்க அவளைத்தான் கட்டியிருப்பீங்களா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்கு முதலில் குத்தியது. அவளிடம் பேசும்போது ஒரு தடவையாவது யோசித்தாரா?

"கட்டியிருப்பன்" என்றார்.

"அப்பறம் நானு?"

"நீ ஆருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார். கேலியில்லை, குத்தலில்லை. கேட்டதற்கு நியாயமாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. பிறகு, "சித்தெ உப்புப் பத்தலே" என்று தட்டைத் தள்ளினார்.

உப்பைப் போட்டேன். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. கணக்காகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஊரில் கேட்டால் என் கணவரைப் போல உண்மை பேசுகிற மனிதர் இல்லை என்பார்கள், எனக்கும் அது பெருமைதான். ஆனால் அந்த வாய் அவளிடம் அத்தனை பொய் சொல்லிச் சிரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதில் ஒரே ஒரு பொய்யை எனக்குச் சொல்லியிருக்கலாம். 'உன்னைத்தான் கட்டியிருப்பேன்' என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தால் போதும். பொய் என்று தெரிந்தே நான் நம்பியிருப்பேன்.